அத்தியாயம் 7: டூட்டியில் தகராறு வந்தால்

சென்னையில் டாக்சி ஓட்டுகிற யாரிடமாவது, "சம்பளப் பாக்கி இருக்கே, லேபர் ஆபீஸ் போனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அங்கே ஒரு நாள் நின்னா அன்னைக்குக் கலெக்‌ஷன் போச்சு. அப்புறம் அதே ஓனர்கிட்டதானே டூட்டி கேட்டு நிக்கணும்?" என்பார். இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஒரு நாள் வண்டி நின்றால் என்ன நஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். லேபர் ஆபீசில் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அதனால் டிரைவர்களின் முதல் நீதிமன்றம் ஸ்டாண்டுதான். சங்கத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு தரப்பையும் டீக்கடையில் உட்கார வைப்பார். "எட்டாயிரத்துல ஆறாயிரம் கொடுத்துடுப்பா. தம்பி, நீயும் இதோட விட்டுடு" என்பார். கால் மணி நேரத்தில் காசு கைக்கு வந்துவிடும். செலவில்லை, பகையுமில்லை. இந்த வழியைக் குறைத்துச் சொல்ல இந்த அத்தியாயம் வரவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் பேர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிற ஆளிடம்தான் இது பலிக்கும். ஆப் கம்பெனி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, பைனான்ஸ்காரர் ஆகிய மூவரையும் டீக்கடைக்குக் கூப்பிட முடியாது. அவர்களுக்குத் தாளில் எழுதினால்தான் காது கேட்கும்.

எந்தத் தகராறைப் பேசி முடிப்பது, எதை எழுதிக் கொண்டுபோவது, எழுதுவதற்கு முன்பே என்னென்ன சேர்த்து வைப்பது என்ற மூன்றையும் இங்கே பார்ப்போம்.

முதலில்: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

ஒரே கலர் வண்டி, ஒரே மஞ்சள் போர்டு. ஆனால் டிரைவருக்கு டிரைவர் சட்ட நிலை மாறும்.

1. மாதச் சம்பளமும் பேட்டாவும் வாங்கி ஓனர் வண்டியை ஓட்டுபவர். இவர் தொழிலாளி. ஓனரிடம் ஒரே ஒரு வண்டி இருந்தாலும் சம்பளச் சட்டம் பொருந்தும்.

2. ஆக்டிங் டிரைவர். கூப்பிட்ட நாளுக்குச் சம்பளம். அந்த டூட்டிக்கு இவரும் தொழிலாளிதான். ஆனால் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. அதுதான் இவருடைய பெரிய பலவீனம்.

3. ஓனர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து, மிஞ்சியதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்பவர். இவர் குத்தகைதாரரா தொழிலாளியா என்பது நடைமுறையைப் பொறுத்தது. எந்த நேரம், எந்த ரூட், எந்தப் பார்ட்டி என்று எல்லாவற்றையும் ஓனரே முடிவு செய்தால் தொழிலாளி என்று வாதிட இடமுண்டு.

4. சொந்த வண்டியை ஆப்பில் ஓட்டுபவர், அல்லது டிராவல்ஸில் அட்டாச் செய்தவர். ஆப்பில் ஓட்டுபவரைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 ‘பிளாட்பார்ம் தொழிலாளி’ என்கிறது. வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்று வரையறுத்து, நலத் திட்டங்களுக்கு மட்டும் வழி செய்கிறது. அட்டாச் வண்டிக்காரருக்கும் டிராவல்ஸுக்கும் இடையில் இருப்பது வியாபார ஒப்பந்தம்.

அக்ரிமென்டில் ‘பார்ட்னர்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குஜராத்தின் உப்பளங்களில் மாதச் சம்பளம் இல்லாமல், எடுத்துக் கொடுத்த உப்பின் எடைக்குக் கூலி வாங்கியவர்களைத் தொழிலாளிகள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1956-லேயே தீர்ப்பளித்தது. வேலையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையே அது பார்த்தது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் ஊபர் டிரைவர்கள் வழக்கில் ஒப்பந்தத்தின் வாசகத்தை ஒதுக்கிவிட்டு, கட்டணத்தையும் விதிகளையும் நிர்ணயிப்பது யார் என்று பார்த்து அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் கட்டுப்பாடு யார் கையில் என்ற கேள்வி இங்கேயும் அதேதான்.

ஓனரோடு வரும் மூன்று தகராறுகள்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய சட்டங்களின் பெயர்கள் மாறியிருக்கின்றன. சில வரம்புகளும் மாறியிருக்கின்றன. மனுவில் பிரிவு எண் போட வேண்டுமே என்று பயப்படாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதினால் போதும்.

முதலாவது, சம்பளப் பாக்கி. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நாள் சம்பளம் என்றால் அன்றைய டூட்டி முடிந்ததும் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் 2 வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 3 வருடத்துக்குள் மனு போடலாம். டிரைவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. சம்பளம் வரவில்லை என்று நீங்கள் மனு கொடுத்துவிட்டால், ‘கொடுத்தேன்’ என்று நிரூபிக்கும் பொறுப்பு ஓனர் தலையில் விழுகிறது. நீங்கள் காட்ட வேண்டியது அவரிடம் வேலை செய்தீர்கள் என்பதை மட்டுமே. பாக்கித் தொகையோடு, அதைப்போல 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

இரண்டாவது, டென்ட் பணம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ராத்திரி ஏர்போர்ட் டிராப் முடித்து, விடியற்காலை கிண்டி ஷெட்டில் வண்டியை விடுகிறார் ஒரு டிரைவர். மறுநாள் ஓனரிடமிருந்து போன்: "பின் பம்பர்ல கோடு விழுந்திருக்கேப்பா. ஆறாயிரம் பிடிச்சுக்குறேன்." தன் கையில் நடந்ததா, ஷெட்டில் வேறு யாராவது இடித்ததா என்பது இவருக்கே தெரியாது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்.

சட்டப்படி, சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். சேதம் உங்கள் அஜாக்கிரதையால் வந்ததாக இருக்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் பிடிக்க முடியாது. எல்லாப் பிடித்தங்களையும் சேர்த்தாலும் அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சேதத்துக்கான பிடித்தம் வேறு, அபராதம் வேறு. அபராதம் என்றால் சம்பளத்தில் 3 சதவீதம்தான் உச்சம்.

சட்டத்தைவிட இங்கே கை கொடுப்பது ஒரு பழக்கம். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும், மீட்டர் ரீடிங்கும் தெரிகிற மாதிரி ஒரு நிமிட வீடியோ எடுத்து, அப்போதே ஓனரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போனிலேயே வைத்துக்கொண்டால் அது எப்போது எடுத்தது என்ற கேள்வி வரும். அனுப்பிவிட்டால் நேரமும் தேதியும் ஓனரின் போனிலேயே பதிவாகிவிடும். மேலே சொன்ன டிரைவர் இதைச் செய்திருந்தால், ஷெட்டில் விட்டபோது பம்பரில் கோடு இருந்ததா இல்லையா என்று சண்டையே இல்லாமல் காட்டியிருக்கலாம்.

மூன்றாவது, "நாளைலருந்து வர வேணாம்." ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆள்குறைப்பு என்று நிறுத்துவதானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் இழப்பீடாகத் தர வேண்டும். வேலைநீக்கம் அநியாயம் என்றால் முதலில் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் முடியாவிட்டால் தொழில் தீர்ப்பாயத்துக்கு நேராகப் போகலாம். முன்பு இதற்கு 3 வருடக் கெடு இருந்தது. இப்போது 2 வருடம்.

வேலை நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். அந்தச் சட்டம் 5 பேர் வேலை செய்கிற நிறுவனங்களுக்கே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த எண் 10 ஆகிவிட்டது. மூன்று நாலு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் ஓட்டுபவருக்கு ஓவர்டைம் கேட்கும் பலம் குறைவு என்பதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். இங்கே பேச்சுவார்த்தைதான் வழி. ராத்திரி பேட்டா எத்தனை மணிக்கு ஆரம்பம் என்பதை வேலைக்குச் சேரும்போதே வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் ஐ.டி.யை முடக்கினால்

சொந்த வண்டிக்காரருக்கு ஐ.டி. பிளாக்தான் வேலைநீக்கம். காலையில் லாகின் பண்ணினால் உள்ளே போகாது. காரணம் ஒரு வரியில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆபீசுக்குப் போனால் செக்யூரிட்டியைத் தாண்ட முடியாது. ஆத்திரத்தில் கேட்டில் கூச்சல் போட்டு வீடியோ எடுப்பவர்கள் உண்டு. அந்த வீடியோவையே ‘நடத்தை சரியில்லை’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டிவிட முடியும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

திரையில் வந்த செய்தியைத் தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடைசி ஒரு மாத ட்ரிப் கணக்கு, வருமானக் கணக்கு, ரேட்டிங் ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். ஐ.டி. முழுதாக மூடப்பட்டால் இவை கண்ணில் படாமலே போகலாம்.

ஆப்பின் உதவிப் பகுதியில் மட்டும் கேட்டால் போதாது. மின்னஞ்சலிலும், கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுதுங்கள். மூன்று கேள்விகள் போதும்: எந்த ட்ரிப்பில் புகார், புகார் என்ன, நான் என்ன விளக்கம் தர வேண்டும்? திட்டி எழுதாதீர்கள்.

அக்ரிமென்டில் தகராறு பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும், அதுவும் குறிப்பிட்ட ஊரில்தான் என்ற நிபந்தனை இருக்கலாம். அது இருந்தால் தனி ஆளாகப் போராடுவது செலவு. சங்கம் வழியாகப் போங்கள். பல பேருடைய பிளாக் விவரங்களைத் தேதிவாரியாகத் தொகுத்து ஒரே மனுவாகக் கொடுத்தால்தான் தொழிலாளர் துறை கம்பெனியைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வழி பிறக்கும்.

சட்டத்தின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கம்பெனிகள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஐ.டி. முடக்கத்தைப் பற்றி அது பேசவில்லை. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் 2025 சட்டம், காரணத்தை எழுதி 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் நீக்கக்கூடாது என்கிறது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் தங்கள் கோரிக்கையில் வைத்துக்கொள்ளத்தக்க நல்ல முன்மாதிரி இது.

ஒன்றிய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் சொந்த வண்டி டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும் என்கின்றன. செட்டில்மென்ட் அதிகபட்சம் 15 நாளுக்குள் வர வேண்டும். 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் கம்பெனி எடுத்துத் தர வேண்டும். நியாயமான காரணமில்லாமல் ட்ரிப்பை ரத்து செய்தால் அபராதம் கட்டணத்தில் 10 சதவீதம். அதுவும் 100 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாநில அரசு உரிம நிபந்தனையாக ஏற்கும்போதுதான் இவை கம்பெனியைக் கட்டும். ஆனாலும் உங்கள் கணக்கில் வருகிற பிடித்தத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மனுவில் ‘ஒன்றிய அரசின் விதியே இப்படிச் சொல்கிறது’ என்று எழுதலாம்.

விபத்தானால்

இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திறந்து இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று ‘ஓனர்–டிரைவர் பி.ஏ. கவர்’. இது 15 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் விபத்துக் காப்பு. ஆனால் ஆர்.சி.யில் பேர் உள்ளவரே ஓட்டினால்தான் செல்லும். சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு இது கிடைக்காது. அவருக்கானது ‘எல்.எல். டு பெய்ட் டிரைவர்’ என்ற வரி. பிரீமியம் ஒரு டிரைவருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய்தான். டிரைவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ ஓனர் தர வேண்டிய சட்டப்படியான இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்பதற்கான வரி இது. புதிதாக வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து இந்த வரியையும் கேளுங்கள்.

இந்த இழப்பீட்டுக்கு உங்கள் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நடந்திருந்தால் போதும். கெடு 2 வருடம். இன்னொரு வண்டி வந்து மோதியிருந்தால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அதற்கு 6 மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எதில் தொகை கூடுதலாக வரும் என்று வக்கீலிடம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

‘பேட்ஜ் இல்லை, கிளெய்ம் கிடையாது’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னால் நம்பி எழுந்து வராதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை ஓட்ட இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்திருக்கிறது.

வண்டியைத் தூக்க வந்தால்

தவணை தவறினால் பைனான்ஸ் கம்பெனிக்கு வண்டியைக் கைப்பற்ற ஒப்பந்தத்தில் வழியிருக்கும். ஆனால் ஆட்களை வைத்து மிரட்டிப் பிடுங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ரோட்டில் மறித்தால் கைகலப்பில் இறங்காதீர்கள். அடையாள அட்டையும் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள்; 112-க்கு அழையுங்கள். வண்டியை விட்டுத்தர நேர்ந்தால் கிலோமீட்டர் ரீடிங், ஸ்டெப்னி, உள்ளே இருக்கும் சாமான் எல்லாவற்றையும் படம் எடுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே போவது?

சம்பளம், வேலைநீக்கம், விபத்து இழப்பீடு எல்லாவற்றுக்கும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம்தான் வாசல். சென்னையில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கேளுங்கள். மனு கொடுக்க வக்கீல் தேவையில்லை.

வக்கீல் தேவைப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிலாளிக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. உதவி எண் 15100.

ஓட்டுநர் நல வாரியத்திலும், ஆப்பில் ஓட்டினால் 2023-இல் அமைக்கப்பட்ட இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கான வாரியத்திலும் பதிவு செய்யுங்கள். வாரியம் தகராறு தீர்க்காது. நல உதவிதான் தரும். ஆனால் அந்த அட்டை, நீங்கள் டிரைவர் என்பதற்கு அரசே கொடுத்த ஆதாரம்.

சங்கம் பதிவு செய்ய 7 பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். தனி ஆளாக மனு போட்டால் டூட்டி போய்விடுமோ என்ற பயம் உள்ளவருக்கு இது ஒரு திரை. சம்பள மனுவைத் தொழிலாளிக்காகச் சங்கமே தாக்கல் செய்யலாம்.

மாதிரி மனு

> அனுப்புநர்: (பெயர், முகவரி, செல் எண், லைசென்ஸ் எண்)
>
> பெறுநர்: தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்
>
> பொருள்: சம்பளப் பாக்கியும் சட்டவிரோதப் பிடித்தமும் பெற்றுத் தரக் கோருதல்
>
> ஐயா, நான் (டிராவல்ஸின் பெயர், முகவரி) டிராவல்ஸில் (தேதி) முதல் (தேதி) வரை ஓட்டுநராக வேலை செய்தேன். மாதச் சம்பளம் ரூ. ____. ஓட்டிய வண்டி எண் ____. (மாதம்) சம்பளம் ரூ. ____ தரப்படவில்லை. வண்டி சேதம் என்று ரூ. ____ பிடிக்கப்பட்டது. அதற்கு முன் என்னிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. (தேதி) அன்று வாட்ஸ்அப்பில் கேட்டேன், பதில் இல்லை. எனக்குச் சேர வேண்டிய மொத்தத் தொகை ரூ. ____. இதைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: ட்ரிப் ஷீட் நகல், ஜி-பே / வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் நகல்

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் கொடுத்தாலும் அது இருக்கிற போனை விற்றுவிடாதீர்கள். மூலத்தைக் காட்டச் சொன்னால் தேவைப்படும்.

பேசி முடிப்பதா, எழுதிப் போவதா?

சின்னத் தொகை, தினம் முகம் பார்க்கிற ஓனர், வேலையும் தொடர வேண்டும் என்றால் ஸ்டாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் பாக்கி, வேலையே போய்விட்டது, உடம்பில் அடி என்றால் லேபர் ஆபீசுக்குப் போகிற நாளின் கலெக்‌ஷனைக் கணக்குப் பார்க்காதீர்கள். கம்பெனி, இன்ஷூரன்ஸ், பைனான்ஸ் என்றால் முதல் நாளிலிருந்தே எழுத்தில்தான்.

டீக்கடையில் பேசி முடித்தாலும் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "அண்ணே, இன்னைக்குப் பேசினபடி ஆறாயிரம், வர்ற 5-ஆம் தேதி தர்றதா சொன்னீங்க, சரிதானே?" என்று அங்கிருந்தே ஓனருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ‘சரி’ என்று பதில் வந்தால் தகராறு முடிந்தது. 5-ஆம் தேதி தாண்டியும் பணம் வராவிட்டால், உங்கள் மனுவின் முதல் இணைப்பு அதுதான்.